புதிய கெர்னலை ஒரே ஒரு முறை மட்டும் துவக்கிப் பார்ப்பது எப்படி?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கைக்கெட்டாத தூரத்தில் ஒரு சர்வர். அதில் உபுண்டு லினக்ஸ், பூட்லோடர் (கணினி எழும்போது இயங்குதளத்தை ஏற்றும் நிரல்) கிரப். புதிதாகத் தொகுத்த கெர்னல் (இயங்குதளத்தின் மையக் கரு) ஒன்றை அடுத்த மறுதொடக்கத்தில் மட்டும் ஓட்டிப் பார்க்க வேண்டும். அது காலை வாரிவிட்டால், அதற்கடுத்த முறை பழைய கெர்னலே தானாக வர வேண்டும். கேட்டவர் ‘சூடோ கிரப்-ரீபூட் 1 >2’ என்று கொடுத்திருக்கிறார். பிழைச் செய்தி ஏதும் இல்லை. மறுதொடக்கத்துக்குப் பிறகு எதிர்பார்த்த கெர்னலும் இல்லை. “இந்தக் கட்டளை வேலை செய்கிறதா, இல்லையா?” என்று கேட்கிறார்.

வேலை செய்கிறது. ஆனால் நீங்கள் கொடுத்ததாக நினைக்கும் கட்டளை கிரப்புக்குப் போய்ச் சேரவே இல்லை. ஷெல்லில் ‘>’ என்ற குறிக்குத் தனிப் பொருள் உண்டு: வெளியீட்டைக் கோப்புக்குத் திருப்பிவிடுவது. ஆகவே கிரப்-ரீபூட்டுக்குக் கிடைத்தது வெறும் ‘1’. மிச்சமிருந்த ‘2’ ஒரு கோப்புப் பெயராகிவிட்டது. கட்டளை கொடுத்த அடைவில் பாருங்கள், ‘2’ என்ற பெயரில் ஒரு காலிக் கோப்பு கிடக்கும். மேற்கோள் குறிக்குள், இடைவெளியின்றி "1>2" என்று கொடுத்திருந்தால் சொன்னது போய்ச் சேர்ந்திருக்கும்.

இதோடு பதிலை முடித்துக்கொள்ளலாம்தான். ஆனால் சர்வர் தொலைவில் இருக்கிறது என்கிறீர்கள். அப்படியானால் மேற்கோள் குறி உங்கள் சிக்கல்களில் மிகச் சிறியது. ‘ஒரு முறை மட்டும்’ என்ற ஏற்பாட்டுக்குள் இரண்டு தனித்தனி வேலைகள் இருக்கின்றன. ஒன்று, அடுத்த முறை எதைத் துவக்குவது என்று எழுதி வைத்த குறிப்பை, துவக்கும் முன்பே யாராவது அழித்தாக வேண்டும். மற்றொன்று, புதிய கெர்னல் விழுந்துவிட்டால் யாராவது இயந்திரத்தை மறுபடி தட்டி எழுப்ப வேண்டும். முதல் வேலையைக் கிரப் செய்யும், அதுவும் எப்போதும் அல்ல. இரண்டாவதை அது செய்யவே செய்யாது. பெரும்பாலானோர் மாட்டிக்கொள்வது இந்த இரண்டாவதில்தான்.

(கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் ஒலிப்படி தமிழ் எழுத்தில் தருகிறேன். தட்டச்சு செய்யும்போது வழக்கமான ஆங்கில எழுத்துகளில், எல்லாம் சிறிய எழுத்தாக இடுங்கள். /இடிசி அடைவின் அமைப்புக் கோப்புகளில் வரும் மாறிகள் மட்டும் பெரிய எழுத்தில் இருக்கும்; வேறு விதிவிலக்கு வந்தால் அங்கேயே சொல்கிறேன்.)

முதலில் கிரப் இதை எப்படிச் செய்கிறது என்று பார்ப்போம். /பூட்/கிரப் அடைவில் கிரப்என்வ் என்றொரு சிறு கோப்பு இருக்கிறது. அளவு சரியாக 1024 பைட். உள்ளே இரண்டு மூன்று மாறிகள் இருக்கும். மிச்ச இடம் முழுவதும் ‘#’ குறியால் நிரப்பப்பட்டிருக்கும். அப்படி நிரப்பி வைத்திருப்பதற்குக் காரணம் உண்டு. துவக்க நேரத்தில் கிரப்புக்கு முழுமையான கோப்பு முறைமை இயக்கி கிடையாது. அதால் ஒரு கோப்பை நீட்டவோ குறுக்கவோ முடியாது. ஏற்கெனவே இருக்கும் வட்டுத் தொகுதியின் மேல் அதே அளவில் திருப்பி எழுத மட்டுமே தெரியும். அதனால்தான் இந்தக் கோப்பை எடிட்டரில் திறந்து கையால் திருத்தக் கூடாது; அளவு ஒரு பைட் மாறினாலும் வம்பு. பார்க்க ‘கிரப்-எடிட்என்வ் லிஸ்ட்’ கொடுங்கள், மாற்றவும் அதே கருவியையே பயன்படுத்துங்கள்.

கிரப்-ரீபூட் கட்டளை இந்தக் கோப்பில் நெக்ஸ்ட்_என்ட்ரி என்ற மாறியை எழுதிவைக்கிறது. வேறெதுவும் செய்வதில்லை; பெயரைப் பார்த்து அது இயந்திரத்தை மறுதொடக்கம் செய்துவிடும் என்று காத்திருப்பவர்களும் உண்டு. அடுத்த முறை கிரப் எழுந்ததும் அந்த மாறியைப் படிக்கிறது, அதையே இயல்புநிலையாக எடுத்துக்கொள்கிறது, உடனே மாறியைக் காலியாக்கி வட்டில் எழுதிவிடுகிறது, அதன் பிறகுதான் கெர்னலை ஏற்றுகிறது. இந்த வரிசைதான் முக்கியம். சீட்டைப் படித்தவுடன் கிழித்துப் போட்டுவிட்டு வேலையைத் தொடங்குவதால், வேலை பாதியில் நின்றாலும் அடுத்த முறை அதே சீட்டு கண்ணில் படாது.

நிரந்தர விருப்பம் சேவ்டு_என்ட்ரி என்ற வேறொரு மாறியில் இருக்கிறது. அதை எழுதுவது கிரப்-செட்-டிஃபால்ட். ஆனால் /இடிசி/டிஃபால்ட்/கிரப் கோப்பில் கிரப்_டிஃபால்ட் மாறியின் மதிப்பு ‘சேவ்டு’ என்று இருந்தால்தான் அது செல்லுபடியாகும். மாற்றிய பின் ‘அப்டேட்-கிரப்’ ஓட்ட வேண்டும். இப்போதைய பதிப்புகளில் கிரப்-ரீபூட்டுக்கு மட்டுமாக இந்த ‘சேவ்டு’ தேவையில்லை, அப்டேட்-கிரப் உருவாக்கும் மெனுக் கோப்பான கிரப்.சிஎஃப்ஜியில் நெக்ஸ்ட்_என்ட்ரி என்று தேடிப் பார்த்தால் தெரிந்துவிடும். இருந்தாலும் அதை இட்டே ஆக வேண்டும் என்பேன். காரணம் அடுத்த பத்தியில்.

நான் பார்த்தவரை அதிகம் பேர் விழும் குழி இது. உபுண்டுவிலும் டெபியனிலும் கிரப்_டிஃபால்ட் இயல்பாக 0. அதாவது மெனுவின் முதல் வரி. முதல் வரி எதைத் துவக்கும்? நிறுவியிருக்கும் கெர்னல்களிலேயே பதிப்பு எண் மிகப் பெரியதை. புதிய கெர்னல் பொதியை நிறுவும்போது அப்டேட்-கிரப் தானாக ஓடுகிறது; அந்த நொடியிலேயே நீங்கள் சோதிக்க நினைத்த கெர்னல் இயல்புநிலையாகிவிடுகிறது! அதன் பிறகு ‘ஒரு முறை மட்டும்’ என்று நீங்கள் கொடுக்கும் கட்டளைக்குப் பொருளே இல்லை. முதல் முறையும் அதுதான் வரும், விழுந்தால் இரண்டாம் முறையும் அதுதான் வரும். ஆகவே முதலில் பழைய கெர்னலை ஆணியடித்து நிறுத்துங்கள், பிறகு புதியதை நிறுவுங்கள்:

கிரப்_டிஃபால்ட்=சேவ்டு
சூடோ அப்டேட்-கிரப்
சூடோ கிரப்-செட்-டிஃபால்ட் "பழைய கெர்னலின் அடையாளம்"

அந்த அடையாளம் எது என்பதில்தான் சிக்கல். எண், தலைப்பு, ஐடி என்று மூன்று விதமாகச் சொல்லலாம். எண் 0-விலிருந்து தொடங்கும். உள்மெனுவுக்குள் இருப்பதை ‘1>2’ என்பதுபோல் குறிக்க வேண்டும், அதாவது மேல்மெனுவின் இரண்டாவது வரிக்குள் மூன்றாவது வரி. ஆனால் இன்னொரு கெர்னலை நிறுவினாலோ நீக்கினாலோ எல்லா எண்களும் இடம் மாறிவிடும். நேற்று எழுதி வைத்த ‘1>2’ இன்று வேறொன்றைக் காட்டும்.

எண்ணை நம்பி ஒரு முறை நான் பட்டது போதும். உள்மெனு என்று ஒன்று இருப்பதையே மறந்து, வெறும் 2 என்று கொடுத்து மறுதொடக்கம் செய்தேன். அந்த இயந்திரத்தின் மேல்மெனுவில் 2 என்பது நினைவகச் சோதனை. சர்வர் மிகுந்த கடமையுணர்ச்சியோடு இரவு முழுவதும் தன் நினைவகத்தைச் சோதித்துக்கொண்டிருந்தது. நான் இங்கே பிங் கொடுத்துக்கொண்டிருந்தேன். யூஇஎஃப்ஐ (பழைய பயாஸுக்குப் பதில் தாய்ப்பலகையில் வரும் ஃபர்ம்வேர்) இயந்திரமாக இருந்தால் அந்த இடத்தில் ஃபர்ம்வேர் அமைப்புத் திரை இருக்கலாம். அங்கே போய் உட்கார்ந்துகொண்டால் நேரில் ஆள் போகாமல் எழாது.

தலைப்பைக் கொடுப்பது எண்ணைவிட மேல். ஆனால் அதிலும் இரண்டு கோளாறுகள். தலைப்பு கணினியின் மொழி அமைப்புக்கு ஏற்ப மொழிபெயர்க்கப்பட்டிருக்கக்கூடும். இன்னொன்று, தலைப்பில் ஓர் எழுத்து பிழையானாலும் கிரப்-ரீபூட் கேள்வி கேட்காமல் வாங்கிக்கொள்ளும். அப்படி ஒரு வரி மெனுவில் இருக்கிறதா என்று அது பார்ப்பதில்லை. துவக்க நேரத்தில் பொருந்தும் வரி கிடைக்காவிட்டால் கிரப் சத்தமில்லாமல் முதல் வரியைத் துவக்கிவிடும். “கட்டளை கொடுத்தேன், ஒன்றும் நடக்கவில்லை” என்ற புகார்களில் பாதிக்கு வேர் இங்கே இருக்கும். ஐடிதான் நம்பகமானது. கிரப்.சிஎஃப்ஜி கோப்பில் மெனுஎன்ட்ரி, சப்மெனு என்று தொடங்கும் வரிகளை கிரெப் கொண்டு எடுத்துப் பாருங்கள். ஒவ்வொன்றின் கடைசியிலும் ‘ஞூலினக்ஸ்’ என்று தொடங்கி வட்டின் யூயூஐடியோடு (அதற்கே உரிய நீண்ட அடையாள எண்) முடியும் ஒரு நீண்ட சரம் இருக்கும். உள்மெனுவின் ஐடி, ‘>’, கெர்னலின் ஐடி என்று சேர்த்து, மேற்கோள் குறிக்குள் கொடுங்கள்.

இந்தத் தொல்லையெல்லாம் வேண்டாம் என்றால் இன்னொரு வழி இருக்கிறது. நான் செய்வது அதைத்தான். சோதனைக் கெர்னலுக்கென்று தனி மெனு வரியை நானே எழுதிவிடுவேன். /பூட்/கிரப் அடைவில் கஸ்டம்.சிஎஃப்ஜி என்ற கோப்பை உருவாக்கினால், துவக்க நேரத்தில் கிரப் அதையும் சேர்த்துப் படித்துக்கொள்ளும். அப்டேட்-கிரப் கூட ஓட்டத் தேவையில்லை. அதில் ஒரு மெனுஎன்ட்ரி. அதற்கு ‘--ஐடி சோதனை’ என்பதுபோல் ஆங்கில எழுத்தில் ஒரே சொல்லில் ஒரு பெயர். உள்ளே மூன்று வரி: ரூட் பகிர்வை யூயூஐடியால் தேடும் ‘சர்ச்’ வரி, கெர்னலையும் அதன் அளவுருக்களையும் சொல்லும் ‘லினக்ஸ்’ வரி, இனிட்ராம்எஃப்எஸ் (ரூட் பகிர்வு கிடைக்கும்வரை கெர்னலுக்கு உதவும் தற்காலிகக் கோப்பு முறைமை) கோப்பைச் சொல்லும் ‘இனிட்ஆர்டி’ வரி. ஏற்கெனவே இயங்கும் கெர்னலின் வரிகளை கிரப்.சிஎஃப்ஜியிலிருந்து நகலெடுத்து, பதிப்பு எண்ணை மட்டும் மாற்றினால் போதும். /பூட் தனிப் பகிர்வாக இருந்தால் கோப்புப் பாதையில் ‘/பூட்’ என்ற முன்னொட்டு வராது. நகலெடுத்தால் அந்தத் தவறும் நேராது. பிறகு ‘சூடோ கிரப்-ரீபூட் சோதனை’. உள்மெனு இல்லை, ‘>’ இல்லை, எண் மாறும் பயம் இல்லை. தவிர, இந்த ஒரு கெர்னலுக்கு மட்டுமான அளவுருக்களை இங்கேயே இடலாம். அது எதற்கு என்று பிறகு சொல்கிறேன்.

இனி, கிரப்பால் சீட்டைக் கிழிக்க முடியாத இடங்கள். துவக்க நேரத்தில் அதற்கு வட்டில் எழுதும் திறன் மிகக் குறைவு என்றேன் அல்லவா? கிரப்என்வ் கோப்பு எல்விஎம் மீதோ மென்பொருள் ரெய்டு மீதோ (பல வட்டுகளையோ பகிர்வுகளையோ இணைத்து ஒன்றாகக் காட்டும் அடுக்குகள்) இருந்தால் அதால் படிக்க முடியும், எழுத முடியாது. ‘டிஸ்க்ஃபில்டர் மீது எழுதுவதற்கு ஆதரவில்லை’ என்ற பொருளில் ஒரு பிழை திரையில் வந்து போகும்; தொலைவில் இருக்கும் நீங்கள் அதைப் பார்க்கப் போவதில்லை. பிடிஆர்எஃப்எஸ், இசட்எஃப்எஸ் ஆகிய கோப்பு முறைமைகளிலும் இதே கதை. கோப்பின் பைட்டுகளை அதே இடத்தில் மாற்றி எழுதினால் அவற்றின் சரிபார்ப்புத் தொகை கெட்டுவிடும். விளைவு என்ன? நெக்ஸ்ட்_என்ட்ரி படிக்கப்படும், அழிக்கப்படாது. ‘ஒரு முறை’ என்பது ‘ஒவ்வொரு முறையும்’ ஆகிவிடும். கெர்னல் விழுந்தால் இயந்திரம் அதே கெர்னலைத் திரும்பத் திரும்பத் துவக்கி விழுந்துகொண்டே இருக்கும்.

கணினி எழுந்த பிறகு ஒரு சிஸ்டம்டி சேவை (துவக்கத்தில் தானாக ஓடும் நிரல்) மூலம் அந்த மாறியை அழித்துவிடலாமே என்று சிலர் சொல்வார்கள். கெர்னல் நல்லபடியாக எழுந்தால்தான் அந்தச் சேவை ஓடும். நல்லபடியாக எழுந்தால் இந்த ஏற்பாடே தேவையில்லை. சரியான தீர்வு, /பூட்டைச் சாதாரணப் பகிர்வில் எக்ஸ்ட்4 ஆக வைப்பது. முடியாவிட்டால் கிரப்பை விட்டு யூஇஎஃப்ஐ வழியாகப் போவது. அதைக் கீழே சொல்கிறேன்.

உங்கள் இயந்திரத்தில் சீட்டு கிழிகிறதா என்பதை ஊகிக்க வேண்டாம், சோதித்துப் பாருங்கள். நல்லபடியாக ஓடும் கெர்னல் இரண்டு இருந்தால் போதும். ஒன்றை இயல்புநிலையாக வைத்து, மற்றதைக் கிரப்-ரீபூட்டால் குறித்து, மறுதொடக்கம் செய்யுங்கள். எழுந்ததும் ‘யூநேம் -ஆர்’ கொடுத்து எது ஓடுகிறது என்று பாருங்கள். ‘கிரப்-எடிட்என்வ் லிஸ்ட்’ கொடுத்து நெக்ஸ்ட்_என்ட்ரி காலியாகிவிட்டதா என்று பாருங்கள். மறுபடி மறுதொடக்கம், பழையது திரும்பி வருகிறதா? மூன்றும் சரியாக இருந்தால்தான் சந்தேகத்துக்குரிய கெர்னலைத் தொட வேண்டும். பத்து நிமிட வேலை. இதைச் செய்யாமல் நேரே சோதனையில் இறங்குபவர்களிடம் எனக்கு அனுதாபம் குறைவு.

இரண்டாவது வேலைக்கு வருவோம். சீட்டு கிழிந்துவிட்டது, புதிய கெர்னல் ஏறியது, பேனிக் ஆனது, அதாவது மீள முடியாத பிழையில் நின்றுவிட்டது. இப்போது என்ன நடக்கும்? ஒன்றும் நடக்காது. கெர்னலின் பேனிக் அளவுரு பொதுவாக 0. அதற்குப் பொருள், அப்படியே உறைந்து நில் என்பது. அடுத்த மறுதொடக்கத்தில் பழைய கெர்னல் வரும் என்பது உண்மைதான், ஆனால் அந்த மறுதொடக்கத்தை யார் செய்வது? ஆகவே சோதனைக் கெர்னலின் ‘லினக்ஸ்’ வரியில் இதைச் சேருங்கள்:

பேனிக்=15

பேனிக் ஆனால் 15 நொடி காத்திருந்து தானாக மறுதொடக்கம் செய் என்று பொருள். சிஸ்சிடிஎல் கோப்பில் (துவக்கத்தின் நடுவே படிக்கப்படும் கெர்னல் அமைப்புகள்) இதை எழுதி வைத்தால் போதாது. அது படிக்கப்படுவதற்கு முன்பே பேனிக் வந்துவிடலாம். கெர்னல் வரியில்தான் இருக்க வேண்டும். எல்லாக் கெர்னல்களுக்கும் பொதுவாக இட்டால் பழையதும் ஏதோ காரணத்தால் விழும்போது முடிவில்லாமல் சுற்றிக்கொண்டிருக்கும். தனி மெனு வரி எழுதச் சொன்னது இதற்காகத்தான். கூடவே ‘ஊப்ஸ்=பேனிக்’ என்று சேர்த்தால், கெர்னல் ஊப்ஸ் (பேனிக் அளவுக்குப் போகாத உள்பிழை) பிழையோடு தள்ளாடிக்கொண்டிருக்காமல் நேரே பேனிக்குப் போய் மறுதொடக்கம் ஆகும். சோதனையில் அது நல்லதே.

கெர்னல் எழுந்து, ரூட் கோப்பு முறைமை கிடைக்காமல், இனிட்ராம்எஃப்எஸ் ஷெல்லில் போய் நிற்பது இன்னொரு வகை. சொந்தமாகத் தொகுத்த கெர்னலில் வட்டு இயக்கியைச் சேர்க்க மறந்தவர்களுக்கு இது பழகிய காட்சி. இது பேனிக் அல்ல. கெர்னலின் பார்வையில் எல்லாம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கிறது. நல்ல வேளையாக, டெபியன், உபுண்டுவின் இனிட்ராம்எஃப்எஸ்-டூல்ஸ் அதே பேனிக்= அளவுருவைப் படிக்கிறது; அது இருந்தால் ஷெல்லைத் திறக்காமல், சொன்ன நொடிகளுக்குப் பின் மறுதொடக்கம் செய்துவிடும். இனிட்ராம்எஃப்எஸ் உருவாக்க டிராகட் பயன்படுத்தும் ஃபெடோரா, ரெட் ஹேட் வகைகளில் இதற்கு ‘ஆர்டி.ஷெல்=0 ஆர்டி.எமர்ஜென்சி=ரீபூட்’ என்று இட வேண்டும்.

எல்லாம் எழுந்தும் நெட்வொர்க் கார்டு மட்டும் வேலை செய்யவில்லை என்றால்? இதுதான் மிகக் கொடுமையானது. இயந்திரம் முழு ஆரோக்கியத்தோடு இருக்கிறது, உள்ளே போகத்தான் வழியில்லை. இதற்கு ஒரு பழைய தந்திரம்: துவக்கத்தில் ஓடும் ஒரு சிறு சேவை, ‘யூநேம் -ஆர்’ சோதனைக் கெர்னலின் பெயரைச் சொன்னால் ‘ஷட்டவுன் -ஆர் +15’ கொடுக்க வேண்டும். உங்களால் எஸ்எஸ்எச் வழியே உள்ளே போக முடிந்தால், 15 நிமிடத்துக்குள் ‘ஷட்டவுன் -சி’ கொடுத்து அதை ரத்து செய்துவிடுவீர்கள். முடியாவிட்டால் அது தானாகப் பழைய கெர்னலுக்குத் திரும்பும். எளிமையான ஏற்பாடு, ஆனால் என்னைப் பலமுறை காப்பாற்றியிருக்கிறது. இயந்திரம் பேனிக் கூட ஆகாமல் அப்படியே தொங்கிவிடுவதற்கு மட்டும் மென்பொருளில் முழு மருந்து இல்லை. அதற்கு வன்பொருள் வாட்ச்டாக் (இயந்திரம் உறைந்தால் தானாக மீட்டமைக்கும் கருவி), அல்லது ஐபிஎம்ஐ போன்ற தொலைநிலை மின்கட்டுப்பாடு வேண்டும். அது இருக்கிறதா, கடவுச்சொல் நினைவிருக்கிறதா என்பதை முன்னாலேயே பார்த்து வையுங்கள்.

கிரப்பில் ‘ஃபால்பேக்’ என்றொரு மாறி உண்டு. பெயரைப் பார்த்து இதுதான் தீர்வு என்று நினைக்க வேண்டாம். கெர்னல் கோப்பு காணவில்லை, படிக்க முடியவில்லை என்பதுபோல் கிரப்பே ஏற்ற முடியாமல் திணறும்போதுதான் அது வேலை செய்யும். கட்டுப்பாட்டைக் கெர்னலிடம் ஒப்படைத்த பிறகு கிரப் நினைவகத்தில் கூட இல்லை. பேனிக் ஆனது அதற்கு எப்படித் தெரியும்? ஆனால் செக்யூர் பூட் இயங்கும் இயந்திரத்தில் இது கைகொடுக்கும். கையொப்பமிடாத கெர்னலைக் கிரப் ஏற்க மறுக்கும்; அப்போது பேனிக்= பயனற்றது, ஏனென்றால் கெர்னல் ஓடத் தொடங்கவே இல்லை. சொந்தக் கெர்னல் என்றால் செக்யூர் பூட் நிலையை ‘மோக்யுடில் --எஸ்பி-ஸ்டேட்’ கொடுத்து முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

உபுண்டுவுக்கே உரிய ஒரு சங்கதி: முந்தைய துவக்கம் முழுமையடையவில்லை என்றால் ரெகார்ட்ஃபெயில் என்ற குறி கிரப்என்வ் கோப்பில் நின்றுவிடும். அடுத்த முறை கிரப் வழக்கமான நேரத்துக்குப் பதில் 30 நொடி மெனுவைக் காட்டிக் காத்திருக்கும். சர்வர் திரும்பி வரவில்லையே என்று பதறும் முன் இதை நினைவில் வையுங்கள். /இடிசி/டிஃபால்ட்/கிரப் கோப்பில் கிரப்_ரெகார்ட்ஃபெயில்_டைம்அவுட் என்ற மாறியால் குறைக்கலாம்.

ஃபெடோரா, ரெட் ஹேட் பக்கம் கட்டளைகள் கிரப்2-ரீபூட், கிரப்2-செட்-டிஃபால்ட், கிரப்2-எடிட்என்வ் என்று ‘2’ சேர்ந்து வரும். அங்கே கெர்னல் வரிகள் /பூட்/லோடர்/என்ட்ரீஸ் அடைவில் தனித்தனிக் கோப்புகளாக இருக்கின்றன. ‘கிரப்பி --இன்ஃபோ=ஆல்’ (இந்த ‘ஆல்’ பெரிய எழுத்தில்) கொடுத்தால் ஒவ்வொன்றின் எண்ணும் தெரியும்; உள்மெனுத் தொல்லை இல்லை. புதிய கெர்னல் தானாக இயல்புநிலையாவதைத் தடுக்க /இடிசி/சிஸ்கான்ஃபிக்/கெர்னல் கோப்பில் அப்டேட்டிஃபால்ட் மதிப்பை ‘நோ’ ஆக்குங்கள்.

யூஇஎஃப்ஐ இயந்திரத்தில் சீட்டைக் கிழிக்கும் பொறுப்பை ஃபர்ம்வேரிடமே விடலாம். பூட்நெக்ஸ்ட் என்ற மாறி அதற்காகவே தரநிர்ணயத்தில் இருக்கிறது. ஃபர்ம்வேர் அதைப் படித்து, அழித்துவிட்டு, அந்த வரியைத் துவக்கும். ‘இஎஃப்ஐபூட்எம்ஜிஆர்’ மட்டும் கொடுத்தால் பட்டியல் வரும். ‘-என் 0003’ என்பதுபோல் எண்ணைச் சேர்த்தால் அடுத்த முறைக்கு மட்டும் அது. வட்டில் எதையும் எழுத வேண்டியதில்லை என்பதால் எல்விஎம், இசட்எஃப்எஸ் சிக்கல் ஏதும் இல்லை. ஆனால் இது தேர்ந்தெடுப்பது பூட்லோடரை, அதற்குள் இருக்கும் கெர்னலை அல்ல. ஆகவே சோதனைக் கெர்னலை இஎஃப்ஐ பகிர்வில் வைத்து, அதற்கென்று தனி வரியை உருவாக்க வேண்டும். கெர்னல் இஎஃப்ஐ ஸ்டப் ஆதரவோடு தொகுக்கப்பட்டிருந்தால் பூட்லோடர் இல்லாமல் நேரே துவங்கும்.

சிஸ்டம்டி-பூட் பயன்படுத்துபவர்களுக்கு வாழ்க்கை இன்னும் எளிது. ‘பூட்சிடிஎல் லிஸ்ட்’ கொடுத்து ஐடியைப் பார்த்து, ‘பூட்சிடிஎல் செட்-ஒன்ஷாட்’ என்பதோடு அந்த ஐடியைக் கொடுத்தால் முடிந்தது. தகவல் இஎஃப்ஐ மாறியில் இருக்கும், படித்தவுடன் அழிக்கப்படும். இதைவிட நேர்த்தியானது அதன் முயற்சி எண்ணிக்கை. வரியின் கோப்புப் பெயரில், ‘.கான்ஃப்’ என்ற பின்னொட்டுக்கு முன் ‘+3’ என்று சேர்த்து வைத்தால், ஒவ்வொரு முயற்சியிலும் பூட்லோடர் அந்த எண்ணைக் குறைக்கும். கணினி நல்லபடியாக எழுந்ததும் ஒரு சேவை அந்தக் குறியை நீக்கிவிடும். எண் பூஜ்யமானால் அந்த வரி பட்டியலின் கடைசிக்குப் போய்விடும். ராஸ்பெர்ரி பையிலும் இந்தச் சிந்தனை உண்டு: ‘ரீபூட் "0 டிரைபூட்"’ கொடுத்தால் அந்த ஒரு முறை மட்டும் கான்ஃபிக்.டிஎக்ஸ்டி கோப்புக்குப் பதில் டிரைபூட்.டிஎக்ஸ்டி படிக்கப்படும். ஒன்றும் புதிதல்ல, கிரப்புக்கு முந்தைய பூட்லோடரான லைலோ காலத்திலேயே ‘லைலோ -ஆர்’ (இந்த ‘ஆர்’ பெரிய எழுத்து) என்று கொடுத்து இதைச் செய்துகொண்டிருந்தோம்.

பூட்லோடரையே தொடாத வழி கேஎக்ஸெக். ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலிலிருந்தே புதிய கெர்னலை நினைவகத்தில் ஏற்றி நேராக அதற்குள் தாவுவது. ‘கேஎக்ஸெக் -எல்’ மூலம் கெர்னல், இனிட்ஆர்டி, அளவுரு மூன்றையும் கொடுத்துவிட்டு ‘சிஸ்டம்சிடிஎல் கேஎக்ஸெக்’. சீட்டே எழுதப்படாததால் கிழிக்க வேண்டியதும் இல்லை; அடுத்த சாதாரண மறுதொடக்கத்தில் பழையது தானாக வரும். ஃபர்ம்வேர் தொடக்கச் சோதனைகளில் பல நிமிடங்களை விழுங்கும் பெரிய சர்வர்களில் இது வரப்பிரசாதம். குறை என்னவென்றால், சாதனங்கள் முழுமையாக மீட்டமைக்கப்படாமல் புதிய கெர்னலின் கைக்கு வருகின்றன. சில கிராஃபிக்ஸ், நெட்வொர்க் கார்டுகள் இதில் முரண்டு பிடிக்கும். கேஎக்ஸெக்கில் விழுந்த கெர்னல் முறையான துவக்கத்தில் நன்றாக ஓடியதையும் பார்த்திருக்கிறேன். பேனிக்= இங்கேயும் வேண்டும்.

இயந்திரம் பக்கத்திலேயே, விசைப்பலகையோடு இருந்தால் இவற்றில் எதுவும் தேவையில்லை. மெனுவை வரவழைத்து வேண்டியதைத் தேர்ந்தெடுங்கள்; அளவுருவை மாற்ற வேண்டுமானால் ‘ஈ’ விசையை அழுத்தித் திருத்தி, கன்ட்ரோல்-எக்ஸ் கொடுங்கள். அந்தத் திருத்தம் எங்கும் சேமிக்கப்படாது.

உங்கள் சர்வருக்கு நான் சொல்லும் வரிசை இது: இப்போது ஓடும் கெர்னலை ஐடியால் இயல்புநிலையாக்குங்கள். ஏதேனும் ஒரு நல்ல கெர்னலைக் கொண்டு ஒத்திகை பாருங்கள். கஸ்டம்.சிஎஃப்ஜியில் சோதனை வரியை பேனிக்=15 சேர்த்து எழுதுங்கள், 15 நிமிடச் சேவையை வையுங்கள், பிறகு கிரப்-ரீபூட். கடைசி நிமிடத்தில் மனம் மாறினால் ‘கிரப்-எடிட்என்வ் - அன்செட் நெக்ஸ்ட்_என்ட்ரி’ கொடுத்தால் குறிப்பு போய்விடும். விழுந்து திரும்பி வந்தால் ‘ஜர்னல்சிடிஎல் -கே -பி -1’ முந்தைய துவக்கத்தின் கெர்னல் செய்திகளைக் காட்டும். ரூட் ஏறுவதற்கு முன்பே விழுந்திருந்தால் அங்கே ஒன்றும் இருக்காது, /வார்/லிப்/சிஸ்டம்டி/பிஸ்டோர் அடைவைப் பாருங்கள், ஃபர்ம்வேர் ஏதாவது பிடித்து வைத்திருக்கலாம். நாலைந்து நாள் சிக்கலின்றி ஓடிய பின் கிரப்-செட்-டிஃபால்ட் கொடுத்துப் புதியதை நிரந்தரமாக்குங்கள். பழையதை உடனே நீக்கிவிடாதீர்கள். நீக்க வேண்டியது, கட்டளை கொடுத்த அடைவில் கிடக்கும் அந்த ‘2’ என்ற காலிக் கோப்பை.